மதுரையிலிருந்து கடலோர ஊர்களை லைன் பஸ்ஸில் இறங்கி ஏறிப் பார்ப்பது எப்படி

மதுரைக்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம், திருச்செந்தூர், விட்டால் கன்னியாகுமரி. ராத்திரியோடு ராத்திரியாக வேன் பிடித்துப் போய், குளித்து, சாமி கும்பிட்டு, மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். போகும் வழியில் இருக்கிற அத்தனை கடலோர ஊர்களும் நமக்கு வெறும் பெயர்ப்பலகையாகவே நின்றுவிடுகின்றன, எனக்கு அது பெரிய வருத்தம்.

வெளிநாட்டு நகரங்களில் மாடி பஸ் ஒன்று ஓடும். ஒரே டிக்கெட்டில் பிடித்த இடத்தில் இறங்கலாம், சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். சென்னை–மாமல்லபுரம் சாலையில் நம் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் அப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தது. நம் பக்கத்துக் கடற்கரைக்குத் தனியாக அப்படி ஒரு வண்டி வேண்டியதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிற சாதாரண லைன் பஸ்ஸே அந்த வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் டிக்கெட் எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

முதலில் பாதையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அங்கிருந்து கடலைப் பார்த்து மூன்று சாலைகள் பிரிகின்றன: வடக்கே தேவிபட்டினம், தொண்டி, கிழக்கே மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தென்மேற்கே கீழக்கரை, சாயல்குடி, வேம்பார், அப்படியே தூத்துக்குடி. ஒரு நாளைக்கு ஒரு சாலைதான். மூன்றையும் ஒரே நாளில் முடிக்கிறேன் என்று கிளம்பினால் பஸ் ஸ்டாண்டுகளைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அடுத்தது, இதில் எல்லாவற்றையும் விட முக்கியமானது: காலையில் எங்கும் இறங்காமல் கடைசி ஊருக்குப் போய்விடுங்கள், இறங்கி ஏறுவதையெல்லாம் திரும்பி வரும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் தூரத்து ஊரைப் பார்த்துவிடலாம், நாள் சாயச் சாய நீங்கள் பெரிய ஊரை நெருங்கிக்கொண்டிருப்பீர்கள். பெரிய ஊருக்குப் பக்கத்தில் வர வர வண்டியும் கூடும், ஒரு பஸ் தவறிப்போனாலும் பதற்றம் இருக்காது. இதையே தலைகீழாகச் செய்து, பொழுது இறங்கும் நேரத்தில் குழந்தைகளோடு ஊருக்குள் ரோடு பிரிகிற ஏதோ ஒரு விலக்கில் பனைமரத்தடியில் நின்றுகொண்டு வராத வண்டிக்குக் காத்திருப்பது கொடுமை.

வண்டி ஏறும்போது போர்டை நன்றாகப் படியுங்கள். பாயிண்ட் டு பாயிண்ட் என்றோ ஒன் டு ஒன் என்றோ எழுதியிருந்தால் அது நடுவில் நிற்காது, காலையில் ராமநாதபுரம் போய்ச் சேர மட்டும் அது நல்லது. கடற்கரைச் சாலையில் நமக்கு வேண்டியது எல்லா இடத்திலும் நின்று போகும் வண்டியும் டவுன் பஸ்ஸும். ஏறுவதற்கு முன்னால் கண்டக்டரிடம், "அண்ணே, ஏர்வாடி விலக்குல நிக்குமா? திரும்ப அங்கேருந்து ராம்நாடு வண்டி எத்தன மணிக்கு?" என்று இரண்டையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அந்தத் தடத்திலேயே ஓடுகிறவருக்குத் தெரிந்த அளவு எந்தச் செல்போன் வரைபடத்துக்கும் தெரியாது. இறங்கியதும் விலக்கில் இருக்கிற டீக்கடையிலும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பல ஊர்கள் மெயின் ரோட்டை ஒட்டி இருக்காது, விலக்கில் இறங்கினால் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போக வேண்டும். ஷேர் ஆட்டோவோ மினி பஸ்ஸோ கிடைக்கும், இல்லாவிட்டால் நடைதான். அதனால் பை சின்னதாக இருக்கட்டும். தண்ணீர், தொப்பி அல்லது குடை, ஒரு துண்டு, பத்து இருபது ரூபாய்த் தாள்கள், இவை போதும். பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2021 முதல் அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மதுரையிலிருந்து வரும் வெளியூர் வண்டிக்கு இது பொருந்தாது, ஆனால் ராமநாதபுரத்திலிருந்து பக்கத்துக் கடலோர ஊர்களுக்கு ஓடும் டவுன் பஸ்களில் ஏறினால் கடற்கரை வரை செலவே இல்லாமல் போய்வரலாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சாயல்குடி–கீழக்கரைச் சாலையைத்தான் சொல்வேன். ராமேஸ்வரத்துக்குப் போகச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இந்தச் சாலையைச் சொல்ல ஆள் இல்லை. போன வழியே திரும்பாமல் ஒரு வட்டமாகச் சுற்றி வரலாம் என்பது இதில் கூடுதல் வசதி. காலையில் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, கமுதி வழியாகச் சாயல்குடி போய்விடுங்கள், நேர் வண்டி அமையாவிட்டால் அருப்புக்கோட்டையில் மாறிக்கொள்ளலாம். வழியெல்லாம் கரிசல் காடு, மிளகாய் வத்தல் காயும் களங்கள், குண்டு குண்டாக இருக்கும் அந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சாயல்குடி நெருங்கும்போது பனை ஆரம்பிக்கும். அப்புறம் கண்ணுக்கு எட்டிய தூரம் பனைதான்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் போனால் பதநீர் கிடைக்கும். காலையிலேயே குடித்துவிட வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் மரத்தில் கட்டுகிறார்கள், அது புளிப்பைத் தள்ளிப் போடுமே தவிர அடியோடு நிறுத்தாது, வெயில் ஏறியபின் விற்கிற பதநீரின் ருசியே வேறு. கருப்பட்டி வாங்குவதானால் காய்ச்சுகிற இடத்திலேயே கேட்டு வாங்குங்கள், சாயல்குடி, வேம்பார் இரண்டு பக்கமும் அதற்குப் பேர்போனவை. நேரமும் தெம்பும் இருந்தால் சாயல்குடியிலிருந்து மாரியூர் போய்வரலாம், கடலை ஒட்டிப் பழைய சிவன் கோயில், ஆள் அரவமில்லாத கரை. வாலிநோக்கம் பக்கம் போனால் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள். பாத்தி பாத்தியாக வெள்ளை, கண் கூசும். இரண்டுக்கும் வண்டி குறைவு என்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு ராமநாதபுரம் போகும் வண்டியில் ஏறி, தர்காவுக்குப் போக நினைப்பவர்கள் ஏர்வாடி விலக்கில் இறங்கலாம், மற்றவர்கள் நேரே கீழக்கரை. இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள், குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. முத்துக் குளிப்பும் கடல் வாணிபமும் கொழித்த காலத்தில் எழுந்த பெரிய வீடுகள், குறுகலான தெருக்கள், கல் தூண் கல் தூணாக நம் கோயில் மண்டபத்தின் அமைப்பிலேயே கட்டப்பட்ட ஜும்மா பள்ளிவாசல். மதுரையில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்தத் தூண்களையும், தூண் தலையில் இருக்கும் போதிகைகளையும் பார்த்ததும் நின்றுவிடுவார்கள், அத்தனை பழக்கமான வேலைப்பாடு. தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போய், வெளியே இருக்கும் பெரியவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பாருங்கள், உடையும் அடக்கமாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைகள் அடைத்திருக்கும், அந்த நாளை விட்டுவிடுவது நல்லது. கிளம்பும் முன் தொதல் வாங்காமல் வராதீர்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் இனிப்பு, இலங்கையோடு இந்த ஊருக்கு இருந்த போக்குவரத்தின் ருசி அதில் இருக்கிறது. பொழுது மீதி இருந்தால் திருப்புல்லாணியில் இறங்கி ஆதி ஜெகந்நாதப் பெருமாளையும், ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் சன்னிதியையும் பார்த்துவிட்டு ராமநாதபுரம் சேரலாம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் சேதுக்கரை, பஸ் அதிகமில்லை, ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது.

கிழக்குச் சாலைக்கு வருவோம். இதில் கடைசி ஊர் தனுஷ்கோடி, ஆகவே ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கோயில் பக்கம் திரும்பாமல் தனுஷ்கோடி வண்டியைப் பிடியுங்கள். 1964 டிசம்பர் புயலில் பயணிகள் ரயிலோடு சேர்ந்து அழிந்துபோன ஊர். சர்ச்சும் ரயில் நிலையமும் இடிந்த சுவர்களாக நிற்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தபிறகு மணலில் ஜீப்பில் குலுங்க வேண்டிய வேலை இல்லை. மாலையில் எல்லோரையும் திருப்பி அனுப்பி விடுவார்கள் என்பதாலும் காலையே சரி. முனையில் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்கிக் குளிக்காதீர்கள், நீரோட்டம் மோசம்.

திரும்பும் வழியில் தங்கச்சிமடம். மதுரை மல்லி என்று நாம் பெருமையாகச் சொல்லும் பூவுக்கு நாற்று பெருமளவு இந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, மணல் தோட்டங்களில் பதியன் போட்டு வளர்ப்பதைக் கேட்டால் காட்டுவார்கள். நம் ஊர்ப் பூவின் தாய்வீடு கடற்கரையில் இருப்பதை ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். அடுத்து பாம்பன். பஸ் பாலத்தின் மேல் நிற்காது, பாம்பனில் இறங்கிப் பாலத்துக்கு நடந்து போக வேண்டும். 1988இல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால், 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் பக்கத்தில் தெரியும். புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று கப்பல் வரும்போது அப்படியே செங்குத்தாக மேலே போகும். கீழே வரிசையாக நாட்டுப் படகுகள். போகும்போது மதுரையிலிருந்து ரயிலில் போய்ப் புதுப் பாலத்தைக் கடந்துவிட்டு, வரும்போது பஸ்ஸில் இறங்கி ஏறி வருவது இந்தச் சாலைக்கு நல்ல திட்டம். பாம்பனில் நேரம் இருந்தால் குந்துகால் போகலாம், 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை.

வடக்குச் சாலையில் தேவிபட்டினம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கடலுக்குள் நவபாஷாணம் என்கிற நவகிரகக் கற்கள். அதைத் தாண்டி யாரும் போவதில்லை. உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைப் பார்த்துவிட்டு காரங்காடு போங்கள், அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப் போகிறது, ஊர் மக்களே நடத்துகிறார்கள். தண்ணீர் மட்டத்தைப் பொறுத்துப் படகு போகும் என்பதால் காலையில் போவது பாதுகாப்பு. இந்தச் சாலைக்குச் சிவகங்கை, காளையார்கோயில் வழியாகத் தொண்டி போய், ராமநாதபுரம் வழியாகத் திரும்பினால் அதுவும் ஒரு வட்டம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கிற மணப்பாடு, உவரி இரண்டையும் ஒரே நாளில் மதுரையிலிருந்து செய்யலாம்தான், ஆனால் ஓட்டமும் நடையுமாகப் போய்விடும். திருச்செந்தூரில் ஒரு ராத்திரி தங்கிக் காலையில் கிளம்புங்கள். மணப்பாட்டில் மணல் மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே சவேரியார் தங்கிய குகை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. ஊருக்குள் போகும் வண்டியா, விலக்கில் விட்டுவிட்டுப் போகும் வண்டியா என்று கேட்டு ஏறவும். குலசேகரன்பட்டினம் தசரா நாட்களில் இந்தத் தடத்தில் கால் வைக்க முடியாது, திருவிழாவுக்கே போவதானால் சரி.

எப்போது போவது? தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல் எச்சரிக்கையும் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அந்த நாட்களில் ஏலக்கூடம் வெறிச்சோடி இருக்கும், நாட்டுப் படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும். கிறிஸ்தவ மீனவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். மீன் ஏலம் பார்க்க ஆசை என்றால் இதையெல்லாம் கணக்குப் போட்டு, முதல் நாள் ராத்திரியே ராமநாதபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ தங்க வேண்டும்.

கரையில் நடக்கும்போது காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், கருவாடு காயும் பாயைத் தாண்டிப் போகாதீர்கள். பெண்கள் பாசி எடுத்துக்கொண்டிருந்தால் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் வேலையில் இருக்கிறார்கள். படகில் ஏறிக்கொள்ளலாமா என்று மீனவர்களைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம், இது எல்லைக் கடல், வெளியாட்களை ஏற்றினால் கேள்வி அவர்களுக்குத்தான் வரும். வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் தண்ணீர் கேளுங்கள், பேச்சு தானாகத் தொடரும்.

கழிப்பறைக்குப் பஸ் ஸ்டாண்டுகளையே நம்ப வேண்டியிருக்கும், அதனால் ராமநாதபுரம், கீழக்கரை, சாயல்குடியில் இறங்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள். சின்ன ஊர்களில் மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல் கிடைப்பது சந்தேகம். சாயங்காலம் ஆறு மணிக்குள் எந்தச் சாலையாக இருந்தாலும் ராமநாதபுரம் வந்துவிடுங்கள், ராமேஸ்வரம்–மதுரை வண்டிகள் இரவிலும் ஓடுவதால் அங்கே வந்து சேர்ந்துவிட்டால் வீடு போகும் கவலை இல்லை.