மெனியேர் நோயோடு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குத் தலை சுற்றினால் முதலில் நீளும் கை தேசிக்காய்த் தண்ணீரோடு வரும்; அதில் ஒரு கிள்ளு உப்பும் கரைந்திருக்கும். வெயிலில் களைத்தவருக்கு அது நல்லது. மெனியேர் நோயுள்ளவருக்கு அந்த உப்புத்தான் உபத்திரவம்.

இந்த நோயில் உள்காதிலுள்ள நீர்மம் அளவுக்கு மீறித் தேங்கியிருக்கும். இப்படிப்பட்ட தலைச்சுற்று மூளையிலிருந்து அல்ல, காதிலிருந்து வருகிறது என்று 1861இல் எடுத்துச் சொன்னவர் பாரிஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியேர். வந்தால் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றும், வாந்தி வரும்; ஒரு காது அடைத்து இரையும், கேள்திறன் மங்கும். படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் மட்டும் சுற்றினால் அது பெரும்பாலும் வேறு கோளாறு. உப்பைக் குறைத்து அது போகாது.

உப்பு இந்தத் தேக்கத்தைக் கூட்டலாம் என்பதால், நாளுக்கு 1500 முதல் 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கும்படி பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு தேக்கரண்டி உப்பிலேயே சுமார் 2300 இருக்கிறது. கருவாட்டுக் குழம்பு, மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளம் என்று ஒரு விருந்து இலை விரிந்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். “காதுக்கு உப்பு ஆகாது மாமி” என்றால் சிரிப்பார்கள். “டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்” என்று விருந்துக்கு முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், மறுபேச்சு இராது. சோறு, பருப்பு, உப்புக் குறைத்த சொதி, பழங்கள் போதும். ஆனால் வயிற்றோட்டம் வந்தால் இந்தக் கணக்கைப் பார்த்து ஜீவனியை (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புக் கரைசலை) மறுக்க வேண்டாம்; உடல் வற்றுவது அதைவிட ஆபத்து.

பலருக்கு உப்போடு தூக்கக் குறைவும் நோயைக் கிளப்பும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய கையோடு வான் வண்டியில் ஏறி 350 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவது நம்மவர் வழக்கம். ஓரிரவு நீர்கொழும்பில் தூங்கிவிட்டுப் புறப்படுங்கள். உறவுகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். பிரதட்டை (வீதியில் உருண்டு கோயிலைச் சுற்றுவது) செய்வதாக நேர்த்தி வைத்திருந்தால் அதை, அடிக்கடி விழுந்து கும்பிட்டுச் சுற்றும் அடியழிப்பாகவோ காவடியாகவோ மாற்றாமல், அர்ச்சனையாக மாற்றிக்கொள்ளுங்கள். முருகன் கணக்குப் பார்க்க மாட்டார். கீரிமலைக் கேணியில் படியிலிருந்து குளியுங்கள், மூழ்க வேண்டாம்: தண்ணீருக்குள் சுற்று வந்தால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. மோட்டார் சைக்கிளும் வேண்டாம். குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகேறுவதென்றால் முதல்நாள் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும்.

பீட்டாஹிஸ்டின், ஸ்டெமெட்டில் (சுற்றையும் வாந்தியையும் அடக்குவது) போன்ற உங்கள் மருந்துகளை வைத்தியரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஸ்டெமெட்டில் தூக்கத்தைத் தரும்; அவசரத்துக்கு மட்டும்.

சுற்று தொடங்கினால் ஓட்டோவை நிறுத்தச் சொல்லுங்கள். நிழலில் படுத்து, அசையாத ஒரு பொருளைப் பாருங்கள். பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, கை கால் ஒருபக்கம் சோர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பொறுக்க முடியாத தலையிடி திடீரென வந்தாலோ அது மெனியேர் அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். அப்போது காத்திராமல் 1990ஐ அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ் சேவை. இந்த எண்ணையும் இந்த அறிகுறிகளையும் உங்களோடு தங்குகிறவருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.