மீன் சாப்பிடப் போகும் கடையில் என்ன கேட்பது, எதை ஆர்டர் செய்வது?

சில கடைகளின் மெனுவில் இப்போது ‘சஸ்டைனபிள் சீஃபுட்’ என்று ஒரு வரி இருக்கிறது. பார்த்ததும் ஒரு திருப்தி. எதையோ ஆர்டர் செய்து, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அந்த வரி எவ்வளவு தூரம் உண்மை என்பதை மேஜையில் உட்கார்ந்தபடியே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

‘சஸ்டைனபிள்’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் இதுதான்: மீன் பெருகுகிற வேகத்தைத் தாண்டிப் பிடிக்கக் கூடாது, வேண்டாத உயிர்கள் வலையில் சிக்கிச் சாகக் கூடாது, கடலின் தரை பாழாகக் கூடாது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அது கணக்கில் எடுக்கும் கடல் மீன் இருப்புகளில் (ஒரு கடல் பகுதியில் வாழும் ஒரு வகை மீனின் கூட்டம்தான் ஓர் இருப்பு) 37.7 சதவீதம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை. அது 2021ஆம் ஆண்டின் நிலவரம்.

படி 1: முதலில் பலகையைத் தேடுங்கள்

வழவழப்பான அட்டையில் வருஷம் முழுக்க அதே பன்னிரண்டு மீன் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கடல் அப்படித் தினமும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை. சுவரில் ஒரு கரும்பலகை, அதில் இன்றைக்கு வந்த நாலைந்து மீன்களின் பெயர், ஒன்றிரண்டு சாக்பீஸால் அடிக்கப்பட்டிருக்கிறது என்றால் அது நல்ல அறிகுறி. “தீர்ந்துபோச்சு” என்று சொல்லத் தயங்காத கடை வந்ததை வைத்துச் சமைக்கிற கடை. மனதில் ஒரு மீனை முடிவு செய்துகொண்டு போகாதீர்கள்.

படி 2: மூன்று கேள்வி

எந்த மீன்? எங்கிருந்து வந்தது? எப்படிப் பிடித்தது?

முதல் தடவை நான் இதைக் கேட்டபோது, பரிமாற வந்த தம்பி ஒரு நொடி யோசித்துவிட்டு, “கடல்ல இருந்துதான் சார்” என்றார். தப்பு அவர் மேல் இல்லை, யாரும் அதுவரை கேட்டதில்லை. “உள்ளே கேட்டுச் சொல்றீங்களா?” என்றேன். சமையல்காரரே வெளியே வந்து, பெட்டியிலிருந்த முழு மீனையே தூக்கிக் காட்டினார். கண் பளிச்சென்று புடைத்திருந்தது, செவுள் நல்ல சிவப்பு. தெரிந்தவர்கள் சொல்லவே ஆசைப்படுகிறார்கள்.

எந்த மீன் என்பதற்கு ‘வெள்ளை மீன்’ என்பது பதில் ஆகாது. விற்பனைக்காகப் பெயரையே மாற்றுவார்கள். ‘சிலியன் சீ பாஸ்’ என்று மெனுவில் வருவது படகோனியன் டூத்ஃபிஷ். பாஸ் வகையே இல்லை. ‘ஆரஞ்சு ரஃபி’க்குப் பழைய பெயர் ஸ்லைம்ஹெட், அதாவது சளித்தலையன்! அந்த மீன் நூறு வயதைத் தாண்டியும் வாழும். முட்டையிடும் பருவத்துக்கு வரவே இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். தட்டில் இருப்பது உங்கள் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம்.

எங்கிருந்து என்பது ஏன் முக்கியம்? குளிர்ந்த கடல்களில் வாழும் காட் மீனைப் பாருங்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் காட் இனமே சரிந்துபோய், 1992இல் அதைப் பிடிக்கத் தடை போட்டார்கள். அதே காட், நார்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் தொடர்ந்து பிடிபட்டுக்கொண்டிருந்தது. மீன் ஒன்றுதான், கடல் வேறு.

எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை என்றால் யோசிக்காமல் வாங்கலாம். வேண்டாதது சிக்கினாலும் பெரும்பாலும் உயிரோடு திருப்பி விடலாம். கடலடியை உரசிப் போகும் இழுவலை அப்படியல்ல, குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். ஆயிரக்கணக்கில் கொக்கி மாட்டிய நீளத் தூண்டிலில் ஆமையும் கடற்பறவையும் சுறாவும் மாட்டும்.

வளர்ப்பு மீன் என்றால் கேள்வியை மாற்றுங்கள்: “என்ன தீனி போடுறாங்க?” சிப்பிகளுக்குத் தீனியே வேண்டாம், தண்ணீரை வடிகட்டித் தானாக வளரும். என் பார்வையில் மெனுவிலேயே கவலையில்லாத ஐட்டம் அதுதான். சால்மன் தீனியில் சிறு மீன்களின் தூளும் எண்ணெயும் சேரும். இறால் என்றால், பண்ணைக்காக அலையாத்திக் காடு அழிந்ததா என்பதுதான் கவலை.

படி 3: ஆர்டர்

பழக்கமில்லாதவர்கள் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற சின்ன மீன்களில் ஆரம்பிக்கலாம். சீக்கிரம் வளரும், சீக்கிரம் முட்டையிடும். அதற்காகச் சின்னதெல்லாம் நல்லது என்றில்லை. பெரிய மீனின் குஞ்சும் சின்னதாகத்தான் இருக்கும். வயிற்றில் முட்டையோடு இருக்கும் நண்டையும் சிங்கி இறாலையும் நான் தொடுவதில்லை. ‘ஃப்ரோஸன்’ என்றால் முகம் சுளிக்காதீர்கள். படகிலேயே உறையவைத்த மீன், மூன்று நாள் ஐஸில் கிடந்த ‘ஃப்ரெஷ்’ மீனைவிட நன்றாகவே இருக்கும்.

படி 4: முத்திரை

நீல நிற எம்.எஸ்.சி. (மரீன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) முத்திரை, கடலில் முறையாகப் பிடித்த மீனுக்குத் தரும் சான்று. 1997இல் தொடங்கிய அமைப்பு. ஏ.எஸ்.சி. (அக்வாகல்ச்சர் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) முத்திரை வளர்ப்பு மீனுக்கு, அந்த அமைப்பு 2010இல் தொடங்கியது. மெனுவில் எம்.எஸ்.சி. முத்திரை போட்டிருந்தால் அந்தக் கடைக்கும் தனிச் சான்றிதழ் எண் இருக்க வேண்டும், தாராளமாகக் கேட்கலாம். முத்திரை இல்லையே என்று சின்னக் கடையை ஒதுக்கிவிடாதீர்கள். சான்றிதழுக்குப் பணமும் காகித வேலையும் நிறைய; ஒற்றைப் படகு வைத்திருப்பவரால் முடியாது. மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் வந்தால் எனக்கு அதுவே போதும்.

படி 5: தட்டு வந்த பிறகு

முடிந்தவரை முழு மீனாகக் கேளுங்கள். துண்டு போட்டால் தலையும் முள்ளும் குப்பைக்குப் போகும். முதுகெலும்பை ஒட்டி விரலால் கீறி மேல் பாதியைக் கழற்றுங்கள். பிறகு வாலைப் பிடித்துத் தூக்கினால் நடுமுள் மொத்தமாக வந்துவிடும், கீழ்ப் பாதி முள்ளில்லாமல் தட்டிலேயே கிடக்கும். தலையை ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணுக்குக் கீழே, செவுள் மூடிக்கு முன்னால் கட்டைவிரலை அழுத்தினால் காசு அளவுக்கு ஒரு சதை கழன்று வரும். ஒரு மீனுக்கு இரண்டே இரண்டு. கூட வந்தவர் பார்ப்பதற்குள் எடுத்துவிடுங்கள்.