சமரச மையத்துக்குப் பள்ளி நாட்காட்டியுடன் போங்கள்

விவாகரத்து வழக்கில் குடும்பநல நீதிமன்றம் உங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினால், குழந்தையின் பள்ளி நாட்காட்டியை நகலெடுத்துக்கொண்டு போங்கள். "குழந்தை யாருக்கு?" என்று தொடங்காமல், தேதி தேதியாகப் பேசி அதிலேயே குறியுங்கள். இரண்டாவது சனிக்கிழமை யாரிடம், பொங்கல் எந்த வீட்டில், காலாண்டு விடுமுறையில் யாருக்கு எந்த நாட்கள், ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடுவது யார், எந்த இடத்தில் என்பது வரை எழுதுங்கள்.

உரிமை என்று பேசினால் இருவரும் இறங்கிவர மாட்டார்கள். ஒரு சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பது அவ்வளவு கடினமல்ல. "அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிய ஒப்பந்தமோ முதல் கோடை விடுமுறையிலேயே உங்களை மறுபடி நீதிமன்றப் படியேற வைத்துவிடும். கையெழுத்தான தாளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவில் சேர்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து நாட்காட்டியைக் குழந்தையிடம் நீட்டி "நீயே சொல்" என்று மட்டும் கேட்காதீர்கள். அம்மா, அப்பாவில் ஒருவரைக் கைவிடச் சொல்வதற்கு அது சமம்.

அடி உதை, மிரட்டல், குழந்தைக்கு ஆபத்து இருக்கும் வீடுகளுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். அங்கே தாய், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ், குழந்தையைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் விடும்படி மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். கைக்குழந்தைக்கும் இந்த நாட்காட்டி வழி பொருந்தாது. பால் குடிக்கும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் வைத்துத்தான் பேச வேண்டும்.