பின்களக் கோடு ஏறுவதற்கு முன் பந்தைப் பாருங்கள்: உதைபந்தாட்டப் பின்களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்ட அணிகளில் 4-4-2 (பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் நால்வர், முன்களத்தில் இருவர்) தெரியாத பொடியன் இல்லை. நான்கு பெக்கும், அதாவது பின்கள வீரர்களும், ஒரே கோட்டில் நிற்கவேண்டும் என்பதும் தெரியும். அந்தக் கோடு எப்போது எதிரணிப் பக்கம் ஏற வேண்டும், எப்போது நம் கோல் பக்கம் இறங்க வேண்டும் என்பதில்தான் கோல் போகிறது. ஆளை விட்டுவிடுவது, பந்தைத் தவறவிடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை விளையாட விளையாடத் திருந்திவிடும். இது தானாகத் திருந்தாது.

பந்துக்காரன் சும்மா நிற்கும்போது கோட்டை ஏற்றுவது

ஒரு கோல் முன்னிலை, கடைசிப் பத்து நிமிடம். எதிரணியின் நடுக்கள வீரர் தலையை நிமிர்த்தி, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் நம் ஆள் யாரும் இல்லை. அப்போது ஸ்டொப்பர் (நடுப் பெக்) "ஏறு!" என்று கத்துகிறார். மூன்று பேர் ஏற, இடது பெக் ஒரு அடி பிந்துகிறார். பந்து தலைக்கு மேலால் போகிறது. முன்கள வீரர் ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கிறார். நம்மவர்கள் நின்று, திரும்பி, பிறகுதான் ஓடவேண்டும். அதற்குள் மூன்று நான்கு மீற்றர் போய்விடும். ஒவ்வொரு பருவத்திலும் இதே கோலைப் பார்ப்பது உண்மையிலேயே எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

ஓப்சைட், அதாவது எதிரணி வீரர் நம் பின்களத்தைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு, கணக்கிடப்படுவது பந்து உதைபடும் கணத்தில். பின்னாலிருந்து இரண்டாவதாக நிற்கும் நம் வீரருக்குச் சமமாக நின்றால்கூட ஓப்சைட் இல்லை. கோல் காப்பாளர் பின்னால் இருக்கும்போது, பிந்திய அந்த ஒரு பெக் எதிரணி முழுவதையும் ஓப்சைட்டிலிருந்து காப்பாற்றிவிடுகிறார்.

பயிற்றுநர் அரிகோ சாக்கியின் இத்தாலியக் கழகமான ஏசி மிலான் 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அவர்களுடைய உயர்ந்த கோட்டை எல்லோரும் பின்பற்றுகிறார்கள். முன்களத்திலிருந்தே பந்துக்காரனை நெருக்கியதைப் பின்பற்றுவதில்லை. அந்த நெருக்கடி இல்லாவிட்டால் கோட்டுக்குப் பின்னால் இருப்பது வெறும் திறந்த வெளிதான்.

விதி எளிது. பந்துக்காரன் நமக்கு முதுகு காட்டினாலோ, தலை குனிந்தாலோ, நம் ஆள் அவனை இரண்டு மீற்றருக்குள் நெருங்கினாலோ ஏறுங்கள். நிமிர்ந்து பார்த்து உதைக்க நேரம் இருந்தால், அவன் காலை ஓங்கும் முன்பே இறங்குங்கள். இறங்கும்போது உடலைப் பக்கவாட்டாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பெனால்டி பகுதியின் விளிம்பில், அதாவது கோல் கோட்டிலிருந்து 16.5 மீற்றரில், நின்றுவிடுங்கள். அதற்கும் கீழே போனால் எதிரணி வசதியாகக் குறிபார்க்கும்.

அழைப்பு ஒருவருடையதாக மட்டும் இருக்கட்டும். "ஏறு", "இறங்கு" என்ற இரண்டு சொல் போதும். மூடுபனி இறங்கிய மைதானத்தில் கைச்சைகை உதவாது. பயிற்சியில் நான்கு பெக்கையும் நிறுத்தி, பயிற்றுநர் பந்தோடு முதுகு காட்டினால் ஐந்து அடி ஏற்றம், திரும்பி நிமிர்ந்தால் ஐந்து அடி இறக்கம். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம்.

மலையைக் கணக்கில் எடுக்காமல் நிற்பது

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் நீண்ட உதை கொழும்பில் போவதைவிடத் தூரம் போகும். தென்மேல் பருவமழை நாட்களில் ஈரப்புல்லில் பந்து வழுக்கி ஓடும், சேற்றில் திடீரென நிற்கும். சரிவான மைதானத்தில் மேட்டிலிருந்து எதிரணி தாக்கும் பாதியில், வழக்கத்தைவிட ஐந்து மீற்றர் பின்தள்ளி நில்லுங்கள்.

ஓப்சைட் கேட்டுக் கையைத் தூக்கிவிட்டு நிற்பது

விசில் கேட்கும்வரை ஓடுங்கள்.

த்ரோ-இன்னுக்குக் கோட்டை ஏற்றுவது

த்ரோ-இன், கோல் கிக், கோர்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேரடியாகப் பந்து பெறுபவருக்கு ஓப்சைட் கிடையாது.

இரு விங் பெக்கும் (ஓரப் பெக்) ஒன்றாக ஏறுவது

ஒருவர் போனால் மற்றவர் உள்ளே ஒடுங்கி, இரு ஸ்டொப்பர்களோடு மூவராக நிற்கவேண்டும்.

கோல் காப்பாளரைக் கம்பங்களுக்கு நடுவிலேயே விட்டுவிடுவது

கோடு நடுக்கோட்டை நெருங்கும்போது அவரும் பெனால்டி பகுதியின் விளிம்புவரை வரவேண்டும். உள்ளேயே நின்றால், பின்னால் விழும் பந்து யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். அதை முதலில் எடுப்பவர் ஓட்டத்தில் இருக்கும் எதிரணி வீரர்தான்.