சிங்கப்பூர் டு நியூயார்க்: தூரமும் நேரமும் நாமளே கணக்கு போடுறது எப்படி

நெட்ல ரெண்டு ஏர்போர்ட் பேரை போட்டா ஒரு தூரமும் ஒரு நேரமும் வரும், ஆனா அந்த நேரம் டிக்கெட்ல இருக்கிறதோட ஒத்துப்போகாது, எத நம்புறதுன்னு குழப்பம். நாமளே ஒரு தடவ போட்டு பாத்துட்டா தெளிவாயிடும். இப்போதைக்கு உலகத்துலயே ரொம்ப நீளமான நான்-ஸ்டாப் ரூட்டு சிங்கப்பூர் சாங்கி - நியூயார்க் ஜேஎஃப்கே, அதையே எடுத்துக்கலாம்.

மொதல்ல தூரம். சுவத்துல மாட்டுற மேப்ல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க, பூமி உருண்டை, அது மேல குறுக்கு வழியே வேற. தீர்க்கரேகைல சாங்கி கிழக்க 104 டிகிரி, ஜேஎஃப்கே மேற்க 74 டிகிரி, கூட்டுனா 178, சரியா எதிர்ப்பக்கம்னா 180, அப்படின்னா ரெண்டும் கிட்டத்தட்ட எதிர் எதிர் பக்கம், அதனால குறுக்கு வழி வட துருவத்த ஒட்டியே போகுது. வட துருவம் அட்சரேகை 90; சாங்கி அட்சரேகை 1.36, துருவத்துக்கு மிச்சம் 88.64 டிகிரி. ஜேஎஃப்கே 40.64, மிச்சம் 49.36. கூட்டுனா சரியா 138. ஒரு டிகிரிக்கு 111.2 கிமீ, பெருக்கிப் பாருங்க, 15,346 கிமீ வரும். எல்லாரும் சொல்ற தூரம் 15,349! ஒரு பேப்பர்லயே இவ்ளோ கிட்ட வந்துடலாம், எனக்கு ரொம்ப புடிச்ச கணக்கு இது. மத்த ஊருங்களுக்கு இவ்ளோ சுலபமா வராது, அதுக்கு கிரேட் சர்க்கிள் மேப்பர்ங்கற வெப்சைட்ல ரெண்டு ஏர்போர்ட்டோட மூணெழுத்து கோடையும் (SIN, JFK மாதிரி) போட்டா போதும்.

அடுத்து நேரம். ஏ350 மாதிரி ஃப்ளைட் மேல போனதும் மணிக்கு சுமார் 900 கிமீ, வகுத்தா 17 மணி நேரம். ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும் வேகம் கம்மி, அதுக்கு அரை மணி சேருங்க. டிக்கெட் நேரம் கேட்ல கெளம்பி கேட்ல நிக்கிற வரைக்கும், அதனால ரன்வேக்கு ஊர்ந்து போறதுக்கு இன்னொரு அரை மணி. 18 ஆச்சு. ஆனா டிக்கெட்ல பதினெட்டரைக்கு மேல இருக்கும், ஏன்னா பைலட் அந்த குறுக்கு வழியில போறதில்ல. நியூயார்க் போறப்ப பெரும்பாலும் பசிபிக் பக்கம் போய் ஜெட் ஸ்ட்ரீம் காத்த (ரொம்ப உயரத்துல மேற்கேர்ந்து கிழக்க வேகமா அடிக்கிற காத்து) முதுகுல வாங்கிக்கிட்டு போவாங்க, ஓடுற தூரம் 16,000 கிமீயையும் தாண்டிடும், ஆனாலும் எதிர்காத்துல போறத விட அது லாபம். 2022-லேர்ந்து ரஷ்யா வான்வெளிய நிறைய ஏர்லைன்ஸ் தவிர்க்கிறதும் ரூட்ட மாத்துது. அதனால கடைசியா, ஃப்ளைட் எங்க போகுதுன்னு காட்டுற ஃப்ளைட்ரேடார்24 வெப்சைட்ல அந்த ஃப்ளைட் போன வாரம் நெஜமா எவ்ளோ நேரம் எடுத்துதுன்னு பாத்துடுங்க.

கடிகாரக் கணக்குலதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க. நியூயார்க் சிங்கப்பூர விட கோடையில 12 மணி நேரம், குளிர்ல 13 மணி நேரம் பின்னாடி, மார்ச் ரெண்டாவது ஞாயிறும் நவம்பர் மொத ஞாயிறும் மாறும். கோடையில வெள்ளி ராத்திரி 10 மணிக்கு நியூயார்க்ல ஏறுறீங்கன்னு வைங்க, பதினெட்டே முக்கால் மணி நேரம் கூட்டுனா அங்க சனி சாயங்காலம் 4:45, அதுல 12 கூட்டுனா சிங்கப்பூர்ல ஞாயிறு விடிகாலை 4:45. ஹோட்டல் புக் பண்றவங்க, ஏர்போர்ட்டுக்கு கூட்டிட்டு வர ஆள் சொல்றவங்க, சனிக்கிழமைன்னு போட்டுடாதீங்க.