ஸ்ராட்டர் இழுக்கவில்லையா? முதலில் ஏர்த்தைப் பாருங்கோ

பழைய காரின் ஸ்ராட்டர் மெதுவாகச் சுத்தினால், புதுப் பற்றறி வாங்க முதல் மல்ரிமீற்றரை டிசி 20 வோல்ற்றில் வைத்து ஏர்த் பக்கத்தை, அதாவது கரண்ட் எஞ்சினிலிருந்து பற்றறிக்குத் திரும்பும் வழியை, சோதியுங்கோ. கியர் நியூற்றலில், ஹான்ட் பிறேக் இழுத்தபடி இருக்கவேணும். எஞ்சின் பிடிக்காமலிருக்க இக்னிஷன் கொயிலின் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கோ. மீற்றரின் ஒரு முனை பற்றறியின் ஏர்த் முனையில் (கிளிப்பில் அல்ல, ஈயத்திலேயே), மற்றது எஞ்சின் புளொக்கில் சுரண்டிய இடத்தில். ஒருவர் 5 செக்கன் ஸ்ராட் அடிக்க, 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பிழை அந்த வழியில்தான்.

ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுக்கும்போது வெறும் 0.01 ஓம் தடையே 1.5 வோல்ற்றைத் தின்றுவிடும். எஞ்சின் இறப்பர் மவுண்டில் இருப்பதால் கரண்ட் திரும்ப, எஞ்சினைக் கார் உடலோடு இணைக்கும் ஏர்த் பட்டிதான் வழி. யாழ்ப்பாணத்து உப்புக் காற்றில் அந்தப் பின்னல் பட்டி உள்ளே பச்சை பூத்திருக்கும், வெளியே நல்லாகத் தெரியும். ஸ்ராட் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டால் கரண்ட் அதன் வழியாக ஓடுகிறது, உடனே நிறுத்துங்கோ. பட்டியின் இரு முனைகளையும் எமரித் தாளால் பளிச்சென்று உலோகம் தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கோ. பின்னல் அறுந்திருந்தால் மாற்றத்தான் வேணும்.

பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர்களில் பெரும்பாலும் பொசிற்றிவ்தான் ஏர்த். மாற்றி நெகற்றிவில் வைக்காதேங்கோ.

ஸ்ராட் அடிக்கும்போது பற்றறி முனைகளுக்கிடையே 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் இந்த ஏர்த் சோதனை பயன்படாது. முதலில் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுங்கோ.