தோட்டா கிடைக்காத துப்பாக்கி: காலிபர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே சுடுதளங்களில் புதியவர்கள் கூட்டம் சேர்ந்துவிடும். தோளில் புதுத் துப்பாக்கி, மேசையில் ஒரே ஒரு தோட்டாப் பெட்டி. எங்கள் தலைமுறை ஆரம்பத்தில் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பாதுகாப்பு விதிகள், உரிமம், ஆரஞ்சு மேல்சட்டை எல்லாம் வேட்டைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். எந்தக் காலிபரை, அதாவது எந்த வகைத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கியை எடுத்தால் தோட்டா என்ன விலை, அடுத்த வருடமும் கடையில் இருக்குமா என்பதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

தள்ளுபடியில் மயங்கி அநாதைக் காலிபரை வாங்குவது

"அண்ணா, எழுநூறு டாலர் துப்பாக்கி, நானூறுக்கே குடுத்துட்டாங்க" என்று தெரிந்த தம்பி ஒருவர் பூரிப்போடு கொண்டுவந்து காட்டினார். குழலின் மேல் பொறித்திருந்ததைப் படித்தேன்: 300 ரெமிங்டன் ஷார்ட் ஆக்‌ஷன் அல்ட்ரா மேக்னம். விலை ஏன் குறைந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது.

2001 வாக்கில் வின்செஸ்டரும் ரெமிங்டனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குட்டையான மேக்னம் (மருந்து கூடுதலாக அடைத்த, வேகம் மிகுந்த) தோட்டாக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. வின்செஸ்டரின் 300 ஷார்ட் மேக்னம் ஓரளவு நிலைத்தது. ரெமிங்டனுடையது மெல்ல ஒதுங்கியது. சுடும் திறனில் குறை ஒன்றும் இல்லை. வாங்குபவர்கள் போதவில்லை, அவ்வளவுதான். வாங்குபவர் குறைந்தால் ஆலைகள் எப்போதாவது ஒரு தொகுதி போட்டுவிட்டு, இயந்திரத்தை வேறு காலிபருக்கு மாற்றிவிடும். அந்தத் தொகுதி தீர்ந்துபோனால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 1906-இல் பிறந்த 30-06, 1925-இல் வந்த 270 வின்செஸ்டர், 1952-இல் வந்த 308 வின்செஸ்டர் ஆகியவற்றுக்கு இந்தக் கதி இல்லை. வேட்டை நடக்கும் ஊர்களில் ஆணியும் வேலிக் கம்பியும் விற்கிற கடையில்கூட இவை இருக்கும்.

அந்தத் தம்பி கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பெட்டி வாங்கினார். இருபது தோட்டா. குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சரிசெய்யவே பாதி போய்விட்டது. மிச்சத்தை வேட்டைக்கென்று எடுத்து வைத்தார்; பயிற்சிக்கு ஒன்றுகூட இல்லை. மறுவருடம் அதே பிராண்டு கிடைக்கவில்லை. 180 கிரெய்ன் குண்டுக்குப் பதிலாக 165 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு), வேறு நிறுவனத்துடையது. "காலிபர் ஒண்ணுதானே" என்று, தோட்டாவை மிச்சம் பிடிக்க, சுட்டுப் பார்க்காமலேயே காட்டுக்குப் போய்விட்டார். குண்டு மானின் நெஞ்சைத் தவறவிட்டு வயிற்றில் பட்டது. இருட்டும்வரை இரத்தத் தடம் பார்த்து நடந்தோம். மான் கிடைக்கவில்லை.

பிறகு அதே தோட்டாவைச் சுடுதளத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்க்கச் சொன்னேன். நூறு கஜத்தில் மூன்று துளைகளும் நெருக்கமாகத்தான் விழுந்தன. ஆனால் குறியிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி. குண்டின் எடையும் வெடிமருந்தும் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். காகிதத்தில் அது மூன்று அங்குலம். தொலைவு கூடக்கூட அந்த விலகலும் கூடும். இந்தத் தவறு மட்டும் இன்றும் எனக்கு எரிச்சலைக் கிளப்புவது அந்த மானால்தான்.

பணக் கணக்கையும் பாருங்கள். சாதாரண 308 தோட்டா ஒன்று ஒன்றேகால் டாலர், அரிதான மேக்னம் மூன்றரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்கு வருடம் நூறு தோட்டாவாவது வேண்டும். 308-க்கு 125 டாலர், மேக்னத்துக்கு 350. தள்ளுபடியில் மிச்சம் பிடித்த முந்நூறு டாலர் இரண்டாவது வருடத்திலேயே கரைந்துவிடும். நடைமுறையில் யாரும் அந்த 350-ஐச் செலவழிப்பதும் இல்லை; பயிற்சியைத்தான் நிறுத்திவிடுகிறார்கள்.

(அமெரிக்காவில் தோட்டா விலைக்குள் 11 சதவீதக் கூட்டரசு வரி அடங்கியிருக்கிறது. 1937-இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. அதைக் கொடுப்பதில் எனக்கு முழு மனசு.)

சக்தி அதிகம் என்று மேக்னம் வாங்குவது

இருநூறு கஜத்துக்குள் நிற்கும் வெள்ளைவால் மானுக்கு 308 தாராளம்.

'300' என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பெட்டி எடுப்பது

300 வின்செஸ்டர் மேக்னம், 300 ஷார்ட் மேக்னம், 300 வெதர்பி, 300 சாவேஜ், 300 பிளாக்அவுட் எல்லாம் வெவ்வேறு தோட்டாக்கள். மாற்றிப் போட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். குழலில் உள்ள முழுப் பெயரும் பெட்டியில் உள்ள முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

போகும் ஊரின் கடையை யோசிக்காதது

வயோமிங், மொன்டானா என்று எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்கு விமானத்தில் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தோட்டாவை, விமான நிலையத்தில் ஒப்படைத்துச் சரக்கறையில் ஏற்றும் பெட்டியில்தான் அனுப்ப முடியும். பெரும்பாலான விமான நிறுவனங்களில் 5 கிலோ வரைதான் அனுமதி. பெட்டி வந்து சேராவிட்டால் அந்தச் சிற்றூர்க் கடையே கதி. அங்கே 30-06 இருக்கும், 270 இருக்கும், இப்போது 6.5 கிரீட்மோரும் இருக்கும். உங்கள் அபூர்வக் காலிபர் இருக்காது.

மாநிலச் சட்டத்தைப் பிறகு பார்ப்பது

கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. செப்புக் குண்டு விலை கூடுதல். அதுவும் எல்லாக் காலிபரிலும் கிடைப்பதில்லை. ஒஹையோவில் மானுக்கு ரைபிள் எடுத்தால் நேர்க்கூட்டுத் தோட்டாதான் (கூடு கழுத்தில் குறுகாமல் நேராக இருப்பது) போட வேண்டும். முதலில் சட்டம், அப்புறம் கடை.

"தட்டுப்பாடு வந்தால் வெற்றுக் கூட்டில் மருந்தும் குண்டும் அடைத்து நானே தோட்டா கட்டிக்கொள்வேன்" என்பது

2020, 2021 தட்டுப்பாட்டில் இப்படிச் சொன்னவர்கள் எல்லாம் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கிடைக்காமல் அலைந்தார்கள். ஆலைகளும் அதிகம் விற்கும் காலிபர்களுக்கே முதலிடம் கொடுத்தன. அரிதானவற்றின் வெற்றுப் பித்தளைக் கூடுகூடக் கண்ணில் படவில்லை. புழக்கத்தில் உள்ள காலிபரை எடுங்கள். வேட்டைப் பருவம் முடிந்து கடையில் நெரிசல் குறைந்ததும் நான்கைந்து பெட்டிகளைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். பெட்டியில் லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைக் காட்டும் எண்) அச்சிட்டிருக்கும்; எல்லாப் பெட்டியிலும் அது ஒன்றேதானா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.